பயிர்க் கால வெப்ப அலகுகள்: அளப்பது, கூட்டுவது, ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தைப் பார்ப்பது – முழுமையான வழிகாட்டி

ஒரே நெல் ரகத்தை ஜூனில் விதைத்தால் ஒரு நாள் கணக்கு, அக்டோபரில் விதைத்தால் வேறு நாள் கணக்கு. பயிர் காலண்டரைப் பார்த்து வளர்வதில்லை; அன்றன்று கிடைக்கும் வெப்பத்தைச் சேர்த்து வளர்கிறது. அந்தச் சேமிப்பை எண்ணாக்குவதுதான் வெப்ப அலகு. ஆங்கிலத்தில் குரோயிங் டிகிரி டேஸ், சுருக்கமாக ஜிடிடி என்பார்கள். சூத்திரம் ஒரே வரிதான்: அன்றைய சராசரி வெப்பநிலையிலிருந்து, பயிரின் வளர்ச்சி நிற்கும் அடிப்படை வெப்பநிலையைக் கழிப்பது. ஆனால் வெப்பமானியை வைப்பதிலிருந்து தேதி ஒட்டுவது வரை வரிசை தவறினால், கடைசியில் வரும் எண்ணை எதற்கும் நம்ப முடியாது. கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் காவிரி டெல்டா நெல்லையும் நீலகிரி மலைப் பயிர்களையும் வைத்தவை. எல்லா வெப்பநிலையும் செல்சியஸில்.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

வெப்ப அலகை மூன்று காரியங்களுக்குப் பயன்படுத்தலாம். இந்தப் பருவத்துப் பயிர் எப்போது பூக்கும் என்று கணிப்பது ஒன்று. இந்த இடத்தில் இந்தப் பயிர் முற்றுவதற்குப் போதிய வெப்பம் உண்டா என்று பார்ப்பது இன்னொன்று. 30, 40 ஆண்டுகளில் பருவத்தின் வெப்பம் எப்படி மாறியிருக்கிறது என்று அறிவது மூன்றாவது.

டெல்டாவில் இரண்டாவது கேள்வியே எழாது. வெப்பத்துக்கு அங்கே பஞ்சமில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அதுதான் முதல் கேள்வி. எந்தக் கேள்வி என்பதைப் பொறுத்துத் தரவின் நீளமும் கணக்கு முறையும் மாறும். பூப்புக் கணிப்புக்கு உங்கள் வயலின் வெப்பமானி போதும். நீண்டகால மாற்றத்துக்கு அது உதவாது. இடமும் கருவியும் மாறாத பழைய பதிவு வேண்டும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- தினசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை. சராசரி மட்டும் இருந்தால் போதாது. ஏன் என்பது 6-ஆம் படியில் தெரியும்.
- விதைத்த தேதி, நட்ட தேதி, 50 சதவீதம் பூத்த தேதி, அறுவடைத் தேதி. பருவம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதினால் ஐந்தாறு நாள் பிசகும். டெல்டாவில் நாளுக்கு ஏறத்தாழ 20 அலகு சேர்வதால், அதுவே 100 அலகு.
- ரகத்தின் பெயர். ‘நெல்’ என்று மட்டும் எழுதிய பதிவால் பயனில்லை.
- எக்செல் போன்ற ஒரு கணக்குத் தாள்.

சொந்தப் பதிவு இல்லாதவர்களுக்கு இலவசத் தரவு உண்டு. இந்திய வானிலைத் துறை 1951 முதல் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை அட்சரேகை, தீர்க்கரேகையில் 1 டிகிரி அகலக் கட்டங்களாகத் தருகிறது. நாசா பவர் தளத்தில் 1981 முதல் தினசரி மதிப்புகள் கிடைக்கும். ஐரோப்பியத் தரவான ஈரா5 1940 வரை பின்னோக்கிச் செல்கிறது.

கட்டத் தரவைச் சமவெளிக்குத் தயங்காமல் எடுக்கலாம். மலைக்கு அப்படியே எடுக்காதீர்கள். கோவையும் ஊட்டியும் ஒரே 1 டிகிரி கட்டத்துக்குள் விழக்கூடும். இரண்டுக்கும் இடையே உயரம் மட்டும் சுமார் 1,800 மீட்டர் வித்தியாசம். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்தால் அது ஏறத்தாழ 12 டிகிரி. அந்தக் கட்டத்தின் சராசரி இரண்டு ஊருக்குமே பொருந்தாது.

3. வெப்பமானியை வைக்கும் இடம்

அளக்க வேண்டியது காற்றின் வெப்பநிலை. வெயிலில் சுட்ட கருவியின் வெப்பநிலை அல்ல. ஆகவே சென்சாரை நேர் வெயில் படாமல், காற்று தாராளமாகப் போய்வரும் வெள்ளை அடுக்குத் தட்டுக் கூட்டிலோ, சாய்வுச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டியான ஸ்டீவன்சன் பெட்டியிலோ வையுங்கள். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம். பெட்டியின் கதவு வடக்கே பார்த்திருக்க வேண்டும். திறந்து படிக்கும்போது வெயில் உள்ளே விழக் கூடாது.

கீழே புல்தரை இருக்கட்டும். களம், சிமெண்ட் மேடை, மோட்டார் கொட்டகைச் சுவர் ஆகியவை பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். குறைந்தபட்ச வெப்பநிலை பொய்யாக உயரும். மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். நான்கு மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது.

டேட்டா லாக்கரை (அளவைத் தானாகப் பதிந்து வைக்கும் கருவி) 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதியும்படி அமையுங்கள். ஒரு மணி நேர இடைவெளி வைத்தால் விடியற்காலைக் குறைவும் பிற்பகல் உச்சமும் நழுவிவிடும்.

பருவம் தொடங்குமுன் ஐஸ் சோதனை செய்யுங்கள். நொறுக்கிய ஐஸைத் தெர்மாஸ் குடுவையில் நிரப்பி, இடுக்குகள் நிறையுமளவு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தண்ணீர் புகாத சென்சார் முனையை நடுவில் செருகுங்கள். எண் அசையாமல் நின்றபின் 0 காட்ட வேண்டும். 0.5 காட்டினால் அந்தப் பிழையைக் குறித்து வைத்து எல்லா அளவிலும் கழியுங்கள். அரை டிகிரிதானே என்று விட்டுவிட்டால், 110 நாளில் 55 அலகு கூடிவிடும். கிட்டத்தட்ட மூன்று நாள் பிழை.

4. எந்த எண் எந்த நாளுக்கு உரியது

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். காலை 8.30 மணிக்குப் பெட்டியைத் திறந்து படிக்கிறீர்கள். குறைந்தபட்சம் இன்று விடியற்காலை நடந்தது. அதிகபட்சம் நேற்றுப் பிற்பகல் நடந்தது. இரண்டையும் இன்றைய தேதியில் எழுதினால் அதிகபட்சம் ஒரு நாள் தள்ளிப்போகும். பருவக் கூட்டுத்தொகையில் இதனால் பெரிய மாற்றம் வராது. ஆனால் மழை நாளையோ வெப்ப அலை நாளையோ தனியாகப் பார்க்கும்போது இரண்டு வெவ்வேறு நாட்களை ஒட்டிய கலவைதான் கிடைக்கும்.

படித்த அதிகபட்சத்தை முந்தைய நாள் வரிசையில் எழுதுவதை வழக்கமாக்குங்கள். படிக்கும் நேரத்தையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். காலை நேரப் படிப்பில், குளிர்ந்த ஒரு விடியலே இரண்டு நாள் குறைந்தபட்சமாகப் பதிவாகும் வாய்ப்பு உண்டு. மாலைப் படிப்பில் சுட்டெரித்த ஒரு பிற்பகல் இரண்டு முறை வரலாம். பதிவின் நடுவில் காலையிலிருந்து மாலைக்கு மாறினால், அந்த ஆண்டிலிருந்து ஊர் திடீரென்று சூடாகிவிட்டதைப் போல் வரைபடம் காட்டும்.

5. அடிப்படை வெப்பநிலையும் மேல் வரம்பும்

எந்த வெப்பநிலைக்குக் கீழே பயிரின் வளர்ச்சி நின்றுவிடுகிறதோ அது அடிப்படை. நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் வழக்கமாக 10 டிகிரி எடுப்பார்கள். பருத்திக்கு 15.5. கோதுமை போன்ற குளிர்காலப் பயிர்களுக்கு 0 முதல் 5.

மேல் வரம்பு என்பது, அதற்கு மேல் வெப்பம் கூடினாலும் வளர்ச்சி வேகம் கூடாது என்னும் இடம். மக்காச்சோளத்துக்கு 30 டிகிரி வைப்பது பரவலான வழக்கம்.

இந்த இரண்டு எண்களையும் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். அடிப்படை 8 வைத்த ஒருவருடைய 1,900 அலகையும், 10 வைத்த உங்கள் 1,700 அலகையும் ஒப்பிட்டு ‘அங்கே வெப்பம் அதிகம்’ என்று முடிவுகட்டினால் தவறு. 100 நாளில் அந்த இரண்டு டிகிரியே 200 அலகு.

அமெரிக்க அட்டவணைகளில் இன்னொரு பொறி உண்டு. அங்கே ஃபாரன்ஹீட் அலகு. அதைச் செல்சியஸ் அலகாக்க 1.8-ஆல் வகுத்தால் போதும். வெப்பநிலையை மாற்றும் பழக்கத்தில் 32-ஐக் கழித்துவிடாதீர்கள். வெப்ப அலகு என்பது அடிப்படைக்கு மேலுள்ள வித்தியாசம், அதில் 32 ஏற்கெனவே கழிந்துவிட்டது.

6. ஒரு நாள் கணக்கு

எளிய முறை: அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அடிப்படையைக் கழியுங்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பயிர் பின்னோக்கி வளராது.

டெல்டாவில் ஒரு குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய நெல் பருவம்) நாள்: பகல் 34.6, இரவு 26.2. சராசரி 30.4. அடிப்படை 10 கழித்தால் 20.4 அலகு. அதே நாளுக்கு 30 டிகிரி மேல் வரம்பு வைத்தால், 34.6-க்குப் பதில் 30 எடுக்க வேண்டும்; விடை 18.1. ஒரு நாளுக்கு 2.3 வித்தியாசம், 100 நாளில் 230. பூப்புத் தேதியைப் பத்து நாளுக்கு மேல் புரட்டிப்போட இது போதும். வரம்பைச் சராசரியில் அல்ல, அதிகபட்சத்திலும் குறைந்தபட்சத்திலும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். சராசரியில் வைத்தால் இதே நாள் 20 அலகு தரும்.

இப்போது நீலகிரியில் ஒரு ஜனவரி நாளை எடுப்போம்: பகல் 20, இரவு 3, பயிரின் அடிப்படை 10.

எளிய முறையில் சராசரி 11.5, அலகு 1.5.

இரவின் 3-ஐ அடிப்படைக்கு உயர்த்தி 10 ஆக்கினால், சராசரி 15, அலகு 5.

வெப்பநிலை ஒரு நாளில் சைன் அலை போல ஏறி இறங்குகிறது என்று வைத்து, 10-க்கு மேலுள்ள பகுதியை மட்டும் அளந்தால் 3.5.

ஒரே நாள், ஒரே வெப்பமானி, மூன்று விடை. எளிய முறை, பகலில் சில மணி நேரம் கிடைத்த நல்ல வெப்பத்தை இரவின் குளிரைக் கொண்டு அழித்துவிடுகிறது. இரவை உயர்த்தும் முறை, இல்லாத வெப்பத்தைச் சேர்க்கிறது. இரவு வெப்பநிலை அடிப்படைக்குக் கீழே அடிக்கடி இறங்கும் இடங்களில் சைன் முறையை எடுங்கள். லாக்கரில் 15 நிமிடப் பதிவு இருந்தால் சைன் அலையே தேவையில்லை: ஒவ்வொரு பதிவிலும் 10-ஐக் கழித்து, குறைவானதைப் பூஜ்யமாக்கி, 96 பதிவுகளின் சராசரி எடுத்தால் அதுதான் அந்த நாளின் அலகு. டெல்டாவில் இரவு 10-க்கு இறங்குவதே இல்லை என்பதால், மேல் வரம்பு வைக்காதவரை மூன்று முறையும் ஒரே விடைதான் தரும். அங்கே எளிய முறையை விட்டு விலகத் தேவையில்லை.

7. விடுபட்ட நாட்களும் கோணல் எண்களும்

கணக்குத் தாளில் காலியாக விட்ட கட்டம் பூஜ்யமாகப் படிக்கப்படும். பகல் 34, இரவு காலி என்றால் தாள் 7 அலகு என்று அமைதியாகக் காட்டும்; பார்ப்பதற்கு நம்பும்படியே இருக்கும். நாசா பவர் தரவில் விடுபட்ட நாளுக்கு –999 என்று இருக்கும். பூஜ்ய விதி அதை 0 ஆக்கி மறைத்துவிடும். எனவே கூட்டும் முன் இவற்றைத் தேடுங்கள்:

- குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிடக் கூடுதலாக உள்ள நாட்கள்.
- ஒரே எண் தொடர்ந்து நான்கைந்து நாள். சென்சார் நின்றிருக்கலாம், அல்லது யாரோ பார்க்காமலே எழுதியிருக்கலாம்.
- புள்ளி விடுபட்ட 346 போன்றவை.
- நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகள். 5 ஜூன், 6 மே ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் சரியாக நிற்பதால் கண்ணுக்கு எளிதில் படாது.

ஒன்றிரண்டு நாள் விடுபட்டால் முன்பின் நாட்களின் சராசரி போதும். ஒரு வாரத்துக்கு மேல் போனால் பக்கத்து நிலையத்தின் எண்ணை எடுங்கள். ஆனால் அப்படியே ஒட்டாதீர்கள். அந்த மாதத்தில் இரு நிலையங்களுக்கும் உள்ள வழக்கமான வித்தியாசத்தைப் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே கண்டு, சேர்த்தோ கழித்தோ எழுதுங்கள். நிரப்பிய கட்டங்களுக்கு நிறம் கொடுத்து வையுங்கள்.

8. எந்த நாளிலிருந்து கூட்டுவது

நேரடி விதைப்பில், விதைக்கு ஈரம் கிடைத்த நாள். புழுதியில் விதைத்து மழைக்காகக் காத்திருந்தால், மழை பெய்த நாளிலிருந்துதான் கூட்ட வேண்டும். நடவுப் பயிருக்கு நாற்றங்காலில் விதைத்த நாள். நட்ட நாளிலிருந்து கூட்டினால், நாற்றின் வயது 18 நாளா 30 நாளா என்பது கணக்கில் வராமல் போய்விடும்.

நட்டபின் நாற்று பச்சை பிடிக்கும் நாட்களில் வெப்பம் சேர்ந்தாலும் வளர்ச்சி தேங்கும். நடவு வயலும் நேரடி விதைப்பு வயலும் ஒரே அலகில் பூக்காமல் போவதற்கு இது முக்கியக் காரணம். இரண்டுக்கும் தனி அளவு வையுங்கள்.

இளம் பயிரில் காற்றின் வெப்பம் முழு உண்மையைச் சொல்லாது. நெல்லின் வளர்முனை கதிர் உருவாகும் வரை தண்ணீருக்குள் இருக்கிறது; மக்காச்சோளத்தில் ஏறத்தாழ ஆறு இலை வரை மண்ணுக்குள். மலையில் இது கணிசமான வேறுபாட்டைத் தரும்.

9. உங்கள் ரகத்துக்கான அளவைக் காண்பது

வெவ்வேறு தேதியில் விதைத்த குறைந்தது நான்கு பருவப் பதிவு வேண்டும். ஒவ்வொன்றிலும் விதைப்பு முதல் 50 சதவீதப் பூப்பு வரை கூட்டுங்கள். கூட்டுத்தொகைகள் நெருக்கமாக இருந்தால் அவற்றின் சராசரிதான் அளவு.

இந்தப் பதிவுகளிலிருந்தே அடிப்படை வெப்பநிலையையும் கண்டுபிடிக்கப் பலர் முனைகிறார்கள். 6 முதல் 14 வரை ஒவ்வொன்றாக வைத்து, எதில் சிதறல் குறைகிறதோ அதை எடுப்பது வழக்கம். சிதறலை அலகில் அளந்தால், அடிப்படை கூடக்கூட எண்கள் சிறுத்து, சிதறலும் சிறுத்ததாகத் தோன்றும். ஆகவே திட்ட விலக்கத்தை (சிதறலின் அளவை) ஒரு நாளின் சராசரி அலகால் வகுத்து, நாட்களாக்கி ஒப்பிடுங்கள். அப்போதும் டெல்டாவில் பருவத்துக்குப் பருவம் சராசரி வெப்பநிலை சில டிகிரிக்குள்ளேயே நிற்பதால் தெளிவான விடை கிடைக்காது. அங்கே வழக்கத்திலுள்ள 10-ஐ வைத்துக்கொள்வதே சரி.

நாள் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பழைய சம்பா ரகங்களுக்கு இந்த அளவே பொருந்தாது. முன்னதாக விதைத்தாலும் அவை பகல் குறுகும்வரை காத்திருக்கும், கூட்டுத்தொகை வீங்கும்.

10. பல ஆண்டுகளை ஒப்பிடுவது

ஒரே மூலத்திலிருந்து குறைந்தது 30 ஆண்டுத் தரவு எடுங்கள். முதல் 20 ஆண்டு நிலையப் பதிவு, பிறகு நாசா பவர் என்று ஒட்டுப் போட்டால், ஒட்டுப்போட்ட இடமே மாற்றமாகத் தெரியும்.

பிறகு சன்னலை, அதாவது கூட்டும் காலப் பகுதியை, நிலைநிறுத்துங்கள்: குறுவைக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வைத்தால், எல்லா ஆண்டுக்கும் அதுவேதான். விவசாயி விதைத்த தேதிக்கேற்ப நகர்த்தக் கூடாது. மேட்டூர் அணை தாமதமாகத் திறந்த ஆண்டில் பருவமே தள்ளிப்போகும், அதை வெப்ப மாற்றம் என்று எண்ணிவிடுவோம்.

ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் முடியும் சம்பாவை விதைத்த ஆண்டின் பெயரில் எழுதுங்கள். தாளில் ஆண்டு வாரியாக அப்படியே கூட்டினால், ஒரு சம்பாவின் வாலும் அடுத்த சம்பாவின் தலையும் ஒன்றாகச் சேரும். நவரையில் (டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் நெல் பருவம்) பிப்ரவரி 29-ஐ விட்டுவிடுங்கள். இல்லையேல் லீப் ஆண்டுகளில் மட்டும் ஒரு நாள் அலகு கூடும்.

ஒவ்வொரு ஆண்டுக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: சன்னலின் மொத்த அலகு, ஜூன் 15-இலிருந்து உங்கள் ரகத்துக்கான அளவை எட்ட ஆன நாட்கள். இரண்டாவது எண்தான் விவசாயிக்குப் புரியும். நாளுக்கு 20 அலகு கிடைக்கும் இடத்தில் வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால், 110 நாளில் 110 அலகு கூடும். கணக்குப்படி ஐந்து நாளுக்கு மேல் பயிர்க் காலம் குறுகும்.

போக்கைக் கணக்கிடும் முன் பதிவின் உடைப்பைச் சோதியுங்கள். உங்கள் நிலையத்தின் பருவச் சராசரியிலிருந்து பக்கத்து நிலையத்தின் சராசரியை ஆண்டுதோறும் கழித்து வரையுங்கள். கோடு ஓரளவு மட்டமாக ஓட வேண்டும். ஓர் ஆண்டில் படிக்கட்டாக ஏறினால், நிலையம் இடம் மாறியதா, கருவி மாறியதா, பக்கத்தில் கட்டடம் வந்ததா என்று விசாரியுங்கள். காரணம் தெரியாமல் அந்தப் பதிவை மேலே கொண்டுபோகாதீர்கள்.

11. போக்கு உண்மையா, தற்செயலா

முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் கழித்துப் பார்ப்பது போக்கு ஆகாது. ஒரு மழை ஆண்டு ஓரத்தில் விழுந்தாலே விடை தலைகீழாகும். சென் சரிவு முறை இதற்கு ஏற்றது: ஒவ்வொரு இரண்டு ஆண்டு இணைக்கும் சரிவைக் கண்டு, அவற்றின் நடுமதிப்பை எடுப்பது. 30 ஆண்டில் 435 இணைகள். அசாதாரணமான ஓரிரு ஆண்டுகளால் நடுமதிப்பு அசையாது.

அதே 435 இணைகளில், பின்னால் வந்த ஆண்டு கூடியவை எத்தனை, குறைந்தவை எத்தனை என்று எண்ணிக் கழித்தால் மான்–கெண்டல் எண் கிடைக்கும். சம எண்கள் இல்லாதபோது, 30 ஆண்டுக்கு அது 111-ஐத் தொட்டால் 5 சதவீத அளவில் (போக்கே இல்லாதபோது தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள்) போக்கு உண்டு எனலாம். குறையும் போக்குக்கு –111. 60, 70 என்று வந்தால், வரைபடம் எவ்வளவு ஏறுமுகமாகத் தெரிந்தாலும் ‘மாறியிருக்கிறது’ என்று எழுதாதீர்கள்.

அதன்பின் பகலையும் இரவையும் பிரித்துப் பாருங்கள். டெல்டாவில் குறுவைக் காலத்தில் பகல் 30-ஐத் தாண்டாத நாள் மிகக் குறைவு. மேல் வரம்பு 30 வைத்தால் பகல் எண் ஏறக்குறைய எப்போதும் 30 ஆகவே நிற்கும். அன்றைய அலகு, 5-உடன் இரவு வெப்பநிலையின் பாதியைக் கூட்டியது என்று சுருங்கிவிடும். அதாவது நீங்கள் வரைந்த போக்கு முழுவதும் இரவின் போக்கு. இதை அறியாமல் ‘பருவ வெப்பம் கூடவில்லை’ என்று எழுதினால், பகலில் ஏறிய இரண்டு டிகிரியும் கணக்குக்கு வெளியே கிடக்கும். நீண்டகால ஒப்பீட்டுக்கு வரம்புடன் ஒரு முறை, வரம்பின்றி ஒரு முறை என இரண்டையும் கணக்கிடுங்கள்.

12. கூட்டுத்தொகையின் பக்கத்தில் எழுத வேண்டிய மற்ற இரண்டு பத்திகள் (தாளின் நெடுவரிசைகள்)

வெப்ப அலகு வளர்ச்சியின் வேகத்தைச் சொல்லும், சேதத்தைச் சொல்லாது. நெல் பூக்கும் நேரத்தில் காற்று 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் விழும். அந்த நாளும் தாளில் நல்ல அலகு நாளாகவே பதிவாகும். எனவே பூப்புக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எடுத்து, 35-ஐத் தாண்டிய நாட்களைத் தனியே எண்ணுங்கள். நெல் பெரும்பாலும் முற்பகலில் பூக்கிறது. லாக்கர் இருந்தால் காலை 9 முதல் 12 வரை உள்ள பதிவை மட்டும் பார்ப்பது இன்னும் சரி.

இரண்டாவது பத்தி, பருவ இரவுகளின் சராசரி. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004-இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடும்போது நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் பகலைக் குளிர்விக்கும், இரவைக் குளிரவிடாது. சராசரி மாறாமல் இருக்க, இரவு மட்டும் ஏறியிருக்கும். ஆகவே சம்பாவுக்கும் தாளடிக்கும் (குறுவைக்குப் பின் வரும் இரண்டாம் போக நெல்) அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இரவுச் சராசரியை மாதவாரியாக எழுதுங்கள்.